ஒரு முழம் பைப்பு

– அந்த மெஷினக் கொஞ்சம் நிப்பாட்டுங்க மாமா. உங்ககிட்ட பேசத்தான் வந்தேன்.

– பேசு பாப்பா, காது இங்கதான கெடக்கு. ரோலரு பேரிங் தேஞ்சு போச்சு. நாலு மணிக்குள்ள மாட்டலன்னா அம்புட்டு தேயிலக் கொழுந்தும் சாக்குக்குள்ளயே வெந்து போயிரும்.

– மூணு தடவ லயத்து வீட்டுக்கு வந்தேன். வந்தா தேத்தண்ணிய ஊத்திக் குடுத்துட்டு வெளியில போயிர்றீங்க. அத்த செத்து முப்பத்தஞ்சு நாளாச்சு. நீங்க எங்கிட்ட ஒழுங்கா ஒரு வார்த்த பேசல.

– என்னத்த சொல்ல.

– ஒண்ணும் சொல்ல வேணாம். நிப்பாட்டுங்க. நிப்பாட்டிட்டு இத மட்டும் பாருங்க.

– … நிப்பாட்டிட்டேன். என்னது அது, சாக்குல சுத்தி?

– மிதிவெடி எடுக்கிறப்ப அத்த கையில இருந்த ரேக்கு, அந்த மண்வாரி. அதோட பைப்பு.

– அத ஏன் இங்க கொண்டாந்த? ரத்தோட்டையில இருந்து பஸ்ஸுல இதத் தூக்கிக்கிட்டா வந்த?

– ஆட்டோவுல. ரிவர்ஸ்டன் பக்கம் நல்ல மழ, பஸ்ஸு வராதுன்னாங்க. மாமா, இந்தப் பின்பக்கத்து ரப்பர் மூடியக் கழட்டிப் பாருங்க.

– கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது.

– கண்ணாடி உங்க நெத்தியில இருக்கு.

– … இருக்குதா. சரி, குடு.

– அந்த வாய்ப்பக்கம் வெரல விட்டுப் பாருங்க. உள் விளிம்ப வட்ட அரத்தால ராவியிருக்கு. கைய கிழிக்கக் கூடாதுன்னு ராவுறது. எங்க ஸ்டோர்ல இருக்கிற புதுப் பைப்பு எதுலயும் இது கிடையாது. நான் நூறு பைப்பு எடுத்துப் பாத்துட்டேன்.

– அதுக்கு? ஒலகத்துல அரம் வச்சிருக்கிற பிட்டர் நான் ஒருத்தன்தானா?

– இந்த மேசைக்கடியில உக்காந்துதான் மாமா நான் வெளாடினேன். நீங்க எந்தக் குழாய வெட்டினாலும் உள்ள மூணு சுத்து, வெளிய ஒரு சுத்து. அப்புறம் ஊதுவீங்க. தூள் எல்லாம் என் தலையில விழும். அத்த வந்து சத்தம் போடுவாங்க. எனக்குத் தெரியாதா உங்க கை? கொழும்புல இருந்து விசாரிக்க வந்தவங்க துண்டு எல்லாத்தையும் பொறுக்கிச் சேத்து அளந்தாங்க. நூத்திப் பத்து சென்டிமீட்டர் வந்துச்சு. இருக்க வேண்டியது நூத்தம்பது. மிச்சம் வெடியில சிதறிடுச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. நானும் தலைய ஆட்டினேன். அவங்க போன பொறகுதான் இந்த மூடியக் கழட்டினேன். மிச்ச நாப்பது சென்டிமீட்டர் எங்க மாமா?

– ஒரு முழம்.

– என்ன?

– நாப்பதோ அம்பதோ எனக்குத் தெரியாது. ஒரு முழம். அவ கைய வச்சு அவளே அளந்து குடுத்தா. அவ முழம் சின்னது.

– அப்ப நீங்கதான்.

– அந்தக் கீழ் லாச்சியத் தொற. கந்தத் துணிக்கு அடியில கெடக்கு. எடுத்துக்க. அவளோடதத்தான் தூக்கிப் போட மனசு வரல.

– ஸ்டோர்ல அடையாளத்துக்கு அடிச்ச மஞ்சப் பட்டையும் இந்தத் துண்டுலயே இருக்கு. அப்ப அவங்க ரேக்குல இருந்த மஞ்சப் பட்ட?

– நான் அடிச்சது. பாக்டரி பெயின்டு. பழைய மாதிரியே இருக்கணும், சூப்பவைசர் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு சொன்னா. காயிறதுக்குள்ள தொட்டுட்டா, வெரல் ரேக விழுந்திடுச்சு. திரும்ப அடிச்சுக் குடுத்தேன்.

– ஏன் மாமா? ஏன் வெட்டினீங்க?

– ஏன்னு கேட்டா நான் என்னத்த சொல்ல. தோட்டத்துல கவ்வாத்துக் கத்தி குடுத்தா அத அப்பிடியேவா மலைக்குக் கொண்டு போறோம்? வீட்டுக்குக் கொண்டாந்து, பிடியச் செதுக்கி, அவங்கவங்க கைக்கு ஒத்து வர்ற மாதிரி பண்ணிக்கிட்டுத்தான் மலைக்குப் போவோம். மம்பட்டியும் அப்பிடித்தான். ஒங்கப்பனுக்கு மட்டும் நான் எத்தன பிடி செதுக்கியிருப்பேன். தொர குடுத்தது எங் கைக்கு நீளம்னு எவனாச்சும் ஆபீசுல போயி நிப்பானா? தாத்தா காலத்துல இருந்து வீட்டுலதான் சரி பண்ணிக்கிறோம்.

– இது கவ்வாத்துக் கத்தி இல்ல மாமா.

– இரும்பும் பிடியும் உள்ள சாமான்தான. நீ கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிருந்த. லீவுக்கு வர்றப்ப பைப்ப மட்டும் கழட்டி, பாயோட சுத்திக் கொண்டாந்தா. ‘நீளமா இருக்குங்க, தோள் விட்டுப் போகுது, ஒரு முழம் எடுத்துக் குடுங்க’ன்னா. எடுத்துக் குடுத்தேன். ஆளு நாலு அடி பத்து அங்குலம். அவளுக்கு மேல ஒசரமா ஒரு பைப்பு.

– சொகுசுக்கா நான் அத நீளமா போட்டேன்? அந்த நீளம்தான் மாமா பாதுகாப்பு. மண்ண வழிக்கிறப்ப பல்லுக்குக் கீழ மிதிவெடி வெடிச்சா கையும் மொகமும் அத்தன தூரம் தள்ளி இருக்கணும். அதுக்குத்தான் எட்டு மாசம் கணக்குப் போட்டேன். அதுக்குத்தான் கனமில்லாத பைப்பா தேடி எடுத்தேன். பொம்மைக்குக் கவசம் மாட்டி, மொகத்துக்கு மூடி மாட்டி, நெசமாவே வெடி வச்சு வெடிச்சுப் பாத்தோம். நூத்தம்பதுல பொம்மைக்கு ஒண்ணும் ஆகல. நூத்திருவதுல கழுத்துல துண்டு ஏறிச்சு. நூத்திப் பத்துல நான் பாக்கவே இல்ல. அவ்வளவு கிட்ட யாரும் போக மாட்டாங்கன்னு நெனச்சேன்.

– திரும்பச் சொல்லு. எது பாதுகாப்பு?

– அந்த நீளம்.

– தொப்பி, சட்ட, மொகத்துக் கண்ணாடி, அதெல்லாம்?

– அதெல்லாம் ரெண்டாவது. மொதல்ல தூரம்.

– எங்கிட்ட யாரும் அதச் சொல்லல பாப்பா.

– அத்தைக்குத் தெரியும். டிரெய்னிங்ல மொத நாளே சொல்லிக் குடுத்தோம்.

– அவ சொல்லல. தோள் வலின்னுதான் சொன்னா. அப்ப… நான் அத வெட்டாம இருந்திருந்தா?

– விடுங்க மாமா.

– கேக்குறேன்ல. வெட்டாம இருந்திருந்தா?

– காது கொஞ்ச நாளைக்கு அடைச்சிருக்கும். கையில ரெண்டு மூணு எடத்துல கிழிச்சிருக்கும்.

– இருந்திருப்பா.

– நீங்க தெரிஞ்சுதான் இத்தன நாளா எனக்கு ஒளிச்சுத் திரியிறீங்கன்னு நெனச்சேன். தெரியாதுன்னு… நான் நெனக்கல மாமா. இப்பிடி போட்டு ஒடைச்சிருக்க மாட்டேன்.

– மனசு ஒரு மூலையில அரிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ஆபீஸ் சாமானத் தொட்டுட்டமே, அதனால கிதனால ஏதும் ஆயிருக்குமோன்னு. இருந்தாலும் மிதிவெடிதான, நீளமென்ன கட்டையென்ன, வந்தா வந்ததுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவ அங்க அந்த மரப்பெட்டி மேல உக்காந்திருந்தா. பாணும் சம்பலும் தின்னுக்கிட்டு. வாள் எடுத்ததும் பைப்பு ஆடுதுன்னு எந்திரிச்சு வந்து மறு முனையப் பிடிச்சுக்கிட்டா. அவ பிடிச்சுக்கிட்டா, நான் வெட்டுனேன். ரெண்டு பேருமா சேந்து.

– அழாதீங்க மாமா. உக்காருங்க. இந்தாங்க, தண்ணி.

– முப்பது வருஷம் கொழுந்தெடுத்து ஒரு அட்டக் கடிக்கு மேல அவளுக்கு ஒண்ணும் ஆகல. மிதிவெடி வேலைக்குப் போறேன்னப்ப நான்தான் தடுத்தேன். ‘தர்ஷிகா இருக்கிற எடம், அவ செஞ்ச சாமான், நான் ஏன் பயப்படணும்’னா.

– நான்தான் கூப்பிட்டேன். இந்தப் பக்கத்துல இருந்து ஏழு பேர நான்தான் சேத்துவிட்டேன். நம்ம ஆளுங்களுக்கு மண்ணு பழக்கம், பொறுமை இருக்கு, கண்ணு கூர்மைன்னு பெரிய இவ மாதிரி பேசினேன். எல்லாரும் என் பேச்சக் கேட்டு வந்தாங்க.

– அது கெடக்கட்டும்.

– எப்பிடிக் கெடக்கும்? எனக்கு ஒண்ணுதான் விளங்கல. தோள் வலின்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் யாரோவா? அம்மா அரபு நாட்டுக்குப் போனதுக்கப்புறம் என்ன வளத்தது அவங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற மாதிரி போட்டிருப்பேன். வளைச்சிருப்பேன், தோளுக்கு ஒரு பட்டி வச்சிருப்பேன், என்னமாச்சும் பண்ணியிருப்பேன்.

– தோள் மட்டும் இல்ல. குந்திக்கிட்டு வழிக்கிறப்ப பைப்போட வாலு கவசத்துல சிக்குதாம். இழுக்கிறப்ப எல்லாம் வெட்டி வெட்டி இழுக்குதாம்.

– குந்தக் கூடாது. முட்டி போடணும். அதுதான் ரூல். நான் அளவெடுக்கிறப்ப ஏழு பேரும் முட்டி போட்டுத்தான் இருந்தாங்க.

– எம்புட்டு நேரம்?

– ஆளுக்கு ஒரு பத்து நிமிஷம்.

– வேல எம்புட்டு நேரம்?

– ஆறு மணித்தியாலம்.

– மலை ஏறி எறங்குன முட்டி பாப்பா அது. பத்து நிமிஷம் நீ கேட்டேன்னு போட்டிருப்பாளுக. கோயில்ல சாமி கும்புடுறப்பகூட அவ நின்னுக்கிட்டுத்தான் கும்புடுவா. முட்டி போட்டா எந்திரிக்க ஒரு ஆள் வேணும் அவளுக்கு. ஒனக்குத் தெரியாதா?

– தெரியும். வீட்டுல தெரியும். அங்க நான் யோசிக்கல. அங்க அவங்க எனக்கு நம்பர் மூணு. மூணாம் நம்பர், கை நீளம் இவ்வளவு, தோள் ஒசரம் இவ்வளவு. ‘மிஸ்’னுதான் கூப்பிடுவாங்க. வேணாம்னு எத்தனையோ தடவ சொன்னேன்.

– ‘எம் புள்ளைய நானே பேரச் சொல்லிக் கூப்பிட்டா மத்தவளுக எப்பிடி மதிப்பாளுக’ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா.

– அளவெடுத்து முடிச்சு, ‘எப்பிடி இருக்கு, கைக்கு சரியா இருக்கா’ன்னு கேட்டேன். ‘நல்லா இருக்கு மிஸ்’னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க மாமா. நான் ஒரு தரத்துக்கு மூணு தரம் கேட்டேன்.

– மூணு தரமும் அதத்தான் சொல்லியிருப்பா.

– ரெண்டு மாசம் பாவிச்சுப் பாத்துட்டு எல்லாரும் ஆளுக்கொரு ஃபாரம் நெரப்பணும். ஏழு ஃபாரமும் எங்கிட்ட இருக்கு. இதப் பாருங்க, அத்தையோடது. கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவங்க, யார்கிட்டயோ கேட்டு எழுத்துக்கூட்டி எழுதியிருக்காங்க. ‘மிக நன்று.’ டீச்சர் கொப்பியில எழுதுற மாதிரி. இத நான் ஆபீசுல எல்லாருக்கும் காட்டினேன். எழுதத் தெரியாத பொம்பளைகூட தேடிப் பிடிச்சு இப்பிடி எழுதியிருக்காங்கன்னு பெருமையா காட்டினேன். அத வச்சுத்தான் டிசைன ஏத்துக்கிட்டாங்க. அத வச்சுத்தான் என் வேலைய நெரந்தரமாக்கினாங்க.

– அன்னிக்கு ஊருக்குப் போன் போட்டுச் சொன்னா. இனிப்புக் கடையில நல்லாருக்கிற தொதலா பாத்து வாங்கி எல்லாத்துக்கும் குடுத்தாளாம்.

– எனக்கு ரெண்டு துண்டு.

– ஒனக்குப் பிடிக்கும்னு.

– மாமா, நான் ஒரு விஷயம் சொல்றேன். நீங்க என்னத் தப்பா நெனச்சாலும் பரவால்ல.

– சொல்லு.

– இந்த முப்பத்தஞ்சு நாளும் நான் கொன்னுட்டேன்னுதான் இருந்தேன். கணக்கத் திரும்பத் திரும்பப் போட்டேன். நூத்தம்பது போதும்னு நான் சொன்னது பொய்யா, எங்க பிழை விட்டேன்னு. சாப்பாடு எறங்கல. அப்ப இந்த மூடியக் கழட்டினேன். ராவியிருக்கிறதப் பாத்தேன். உங்க கைன்னு தெரிஞ்சுது. அந்த நேரம் எனக்கு வந்தது கோவம் இல்ல மாமா. நிம்மதி. நான் இல்ல, என் பைப்பு இல்ல, வெட்டினதுதான் காரணம்னு ஒரு பெரிய நிம்மதி. அத்தையோட ரத்தம் காஞ்சு கெடக்கிற பைப்பக் கையில வச்சுக்கிட்டு நான் நிம்மதிப்பட்டேன். அத நெனச்சா எம் மேல எனக்கே அருவருப்பா இருக்கு.

– இருந்துட்டுப் போகட்டும். ஒருத்தருக்காச்சும் நிம்மதி வந்துச்சே.

– அப்பிடிப் பேசாதீங்க.

– நெசமாத்தான் சொல்றேன். நான் வெட்டுனேன். எம் மேல எழுது. ஒனக்கென்ன வயசு, இருவத்தாறா? ரெண்டு பேரு தலையிலயும் ஏன் இத வச்சுக்கணும்? எழுது, முத்துவீரன், பிட்டர், இந்தத் தோட்டம்னு.

– உங்க பேர எழுத எடமில்ல அதுல. ரெண்டே ரெண்டு கட்டம்தான். ஒண்ணு, சாமான் பிழை. இல்லன்னா, பாவிச்சவர் தானே மாத்தினது. ரெண்டாவதுல கோடு போட்டா அத்த செத்தது அத்தையோட பிழைன்னு ஆயிரும். நாளைக்கு யாரு கேட்டாலும் அந்தக் கடுதாசியத்தான் காட்டுவாங்க.

– மொதலாவதுல போட்டா?

– என் ரேக்கத் தூக்கி வீசிருவாங்க. வீசினா எல்லாரும் பழைய மாதிரி கையளவு கம்பிய வச்சுக்கிட்டு, குப்புறப் படுத்து, மண்ணுக்குக் கிட்ட மொகத்த வச்சுக் கிண்டணும். அதுல வருஷத்துக்கு எத்தன பேருக்குக் கண்ணு போச்சுன்னு எனக்குத் தெரியும். இத எல்லாருக்கும் குடுக்கலாம்னு முடிவாகி இருக்கு. எரநூறு ரேக்கு. என் ரிப்போட்டுக்காகத்தான் நிக்குது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். அதுக்குத்தான் மாமா ஓடி வந்தேன். உங்க வாயால கேக்காம நான் அந்தக் கோட்டப் போட மாட்டேன்.

– கேட்டுட்டயில்ல. போடு.

– அத்த மேல?

– அவ இருந்தா அவளே போடுன்னுதான் சொல்லுவா. எரநூறு பேரு கண்ணும் கையும் தப்பும்னா, எம் பேரக் கெடுத்துட்டுப் போன்னு சொல்லுவா. அவ அப்பிடித்தான். ஒனக்குத் தெரியும்.

– தெரியும்.

– அழாம எழுது. எழுதி முடிச்சிட்டுப் படிச்சுக் காட்டு. நான் பேரிங்க மாட்டிட்டு வர்றேன்.

– பாதி எழுதித்தான் வச்சிருக்கேன். நில்லுங்க, போகாதீங்க, கேளுங்க. ‘இறந்தவரின் கருவிப் பிடி நாற்பது சென்டிமீட்டர் குறைக்கப்பட்டிருந்தது. இது வடிவமைப்பின் குறையல்ல. அதே அணியைச் சேர்ந்த மற்ற ஆறு பேரும் முழு நீளக் கருவியை இரண்டு மாதங்களாகச் சிரமமின்றிப் பாவித்துள்ளனர். அவர்களது எழுத்து மூலமான கருத்துகள் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே…’

– அந்த ஆறு பேரப் பத்தினத திரும்பப் படி.

– ‘மற்ற ஆறு பேரும் முழு நீளக் கருவியை இரண்டு மாதங்களாகச் சிரமமின்றி…’

– அவளுக ஆறு பேரும் இப்ப எங்க இருக்காளுக?

– மத்தியானமே பஸ் ஏறிட்டாங்க. மாத்தளையில நான்தான் ஏத்திவிட்டேன். நாளைக்கு ஆறரைக்கு வேல தொடங்குது.

– நாளைக்கா? மிதிவெடிக் காட்ட மூடியாச்சு, ரேக்கையெல்லாம் கட்டி ஸ்டோர்ல போட்டாச்சுன்னாங்களே?

– நேத்துத்தான் தெறக்க அனுமதி வந்துச்சு. அதே ரேக்குதான், அதே ஆளுங்கதான். ஏன் மாமா? ஏன் பேரிங்கக் கீழ வச்சிட்டீங்க?

– அவளுகள்ல ரஜனிக்குப் போன் போடு.

– ரஜனி அக்காவுக்கா? எதுக்கு?

– மொதல்ல போடு பாப்பா. எனக்கும் கேக்குற மாதிரி போடு. இந்த ஜன்னலுகிட்ட வா, இங்கதான் சிக்னல் பிடிக்கும்.

– … அடிக்குது. ஹலோ, ரஜனி அக்கா?

– சொல்லுங்க மிஸ். தம்புள்ள தாண்டிட்டோம் மிஸ். எல்லாரும் நல்லாருக்கோம்.

– அக்கா, நான் பாக்டரியில இருக்கேன். சந்திரகாந்தா அத்த வீட்டுக்கார மாமாகிட்ட.

– … மாமா பக்கத்துல இருக்காரா?

– இருக்கார்.

– மாமா, நாங்க சொல்லல மாமா. ஒருத்தியும் வாயத் தொறக்கல. அந்தக் கொழும்பு ஆளுங்க தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டாங்க, அப்பக்கூட சொல்லல.

– தெரியும் தாயி. நான் சொல்றேன். மிஸ் கேக்குறதுக்கு பதில் சொல்லு. மறைக்காத.

– என்ன சொல்லல? அக்கா, ஒங்க ரேக்கு பைப்பு எவ்வளவு நீளம்?

– … சந்திராக்காவோடது மாதிரிதான் மிஸ்.

– மத்தவங்களோடது?

– எல்லாம் ஒரே லீவுலதான் மிஸ் மாமாகிட்ட குடுத்தோம்.

– ஆறு பேருமா?

– ஆமா மிஸ்.

– நாளைக்கு யாரும் அந்த ரேக்கத் தொடக் கூடாது. வெளங்குதா? சூப்பவைசர் சொன்னாலும் காட்டுக்குள்ள எறங்கக் கூடாது. நான் இப்பவே அவருக்கும் போன் போடுறேன். நீங்க எறங்க மாட்டீங்கன்னு எனக்குச் சொல்லுங்க.

– எறங்கல மிஸ். எங்களுக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆறு பேரும் பஸ்ஸுல அதத்தான் குசுகுசுன்னு பேசிக்கிட்டு வந்தோம்.

– பயமா இருந்தா ஏன் அக்கா சொல்லல? ஃபாரம் குடுத்தேனே. கைக்கு ஒத்து வரல, நீளம்னு ஒரு வரி எழுதியிருந்தா போதுமே. ஏழு பேரும் ஏன் நல்லா இருக்குன்னு எழுதினீங்க?

– மாமாவ கேளுங்க மிஸ். நான் சொல்லக் கூடாது மிஸ்.

– … வச்சிட்டாங்க. மாமா, நீங்க சொல்லுங்க. அந்த ஏழு கடுதாசிய நம்பித்தான் நான் எல்லாத்தையும் செஞ்சேன். ஒருத்தருக்கும் ஒத்து வராத ஒரு பைப்ப ஏழு பேரும் ஏன் நல்லதுன்னு சொன்னாங்க? யாரு அப்பிடிச் சொல்லச் சொன்னது?

– ஒனக்கு வேல நெரந்தரமாகணும், நீ செஞ்ச சாமான எவளும் கொற சொல்லக் கூடாதுன்னு, நம்ம கோயில்ல வச்சு அந்த ஆறு பேருகிட்டயும் எங்கிட்டயும் சூடம் அணைச்சு சத்தியம் வாங்குனது ஒங்க அத்ததான் பாப்பா.